ஆர்டிஸின் ஃப்ளீஸ் போர்வை

அமெரிக்காவின் மினசோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஆர்டிஸ், மணிக்கட்டு முறிந்து கூடிய பிறகும் நோயாளிகளுக்குப் போர்வை தைத்துக் கொடுக்கும் தேவாலயத்துக் குழுவை விடவில்லை. ஒட்டுத்துணி, பஞ்சு, அடித்துணி என மூன்றடுக்கையும் இயந்திரத்துக்குள் தள்ள அவள் கைக்கு வலு போதவில்லை. அதனால் பஞ்சை விட்டுவிட்டு, அடியில் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற கம்பளி போன்ற துணியை மட்டும் வைத்தாள். அது இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டது. முதல் போர்வை கோணிப்போகவே, மூன்று தடவை முழுவதையும் பிரித்து, குண்டூசிகளை நெருக்கமாகக் குத்தி மறுபடி தைத்தாள்.

"பஞ்சு வைக்காம என்னடி போர்வை? சோம்பேறி வேலை," என்றாள் குழுத் தலைவி வெர்னா.

"மூணு தடவை பிரிச்சேன். எந்தச் சோம்பேறி அப்படிச் செய்வா?"

அந்தப் போர்வை டயாலிசிஸ் நிலையத்துக்குப் போனது. அங்கே வாரம் மூன்று நாள் குளிரில் நடுங்கிக்கொண்டு கிடப்பவர் வெர்னாவின் கணவர் ஹார்லன். அன்று அதைப் போர்த்திக்கொண்டு அவர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

"ஊசி குத்தின கையில பாரமே தெரியல, ஆனா கதகதன்னு இருக்கு," என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெர்னாவிடம் சொன்னார்.

குழு கூடும் அடுத்த செவ்வாய்க்கிழமை வெர்னா பச்சை ஃப்ளீஸ் துணியோடு வந்தாள்.

"எனக்கும் காட்டிக் குடு. அங்க இன்னும் பதினோரு பேரு நடுங்கிட்டு இருக்காங்க."

ஆர்டிஸ் சிரித்தபடி நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தாள்.