ஏசி ஓட்டையில் ஒரு மீட்டர்

சிக்னலில் வண்டி நின்றதும் அவர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, மோந்து பார்ப்பார். ரேடியேட்டர் கொதிக்கும் வாசனை வருகிறதா என்று. வாடகைக் கார் ஸ்டாண்டில் அவருக்கு 'மோப்பம்' என்றே பெயர்.

ஒருமுறை மகளைப் பரீட்சைக்கு அழைத்துப் போகையில் மேம்பாலத்தின் நடுவில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. மகள் பஸ் பிடித்துப் போய் எழுதிவிட்டாள். அவருக்குத்தான் அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. டாஷ்போர்டில் இருப்பது வெறும் சிவப்பு விளக்கு. எரிந்தால் கதை முடிந்தது. ஆகவே சூடு காட்டும் முள் மீட்டர் ஒன்றை வாங்கி, மெக்கானிக்கான மைத்துனனிடம் கொடுத்தார்.

"எங்க மாமா வைக்கிறது?"

"கண்ணுக்கு நேரா. இந்த ஏசி ஓட்டையில வை."

"அப்புறம் காத்து?"

"காத்து கெடக்குது, நீ வைடா மாப்ள."

மைத்துனன் ஓட்டையின் தகடுகளைக் கழற்றி மீட்டரைப் பொருத்தினான். பிறகு பானெட்டைத் திறந்து, மீட்டரின் சென்சாரைச் சொருக, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸை அறுத்தான். அவர் சுற்றிச் சுற்றி வந்து உயிரை எடுக்கவே, டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டான்.

அதன்பின் முள் தொண்ணூறு டிகிரியைத் தாண்டவே இல்லை. அவர் வியர்வை வழிய ஓட்டிக்கொண்டே, "ஏன் அசைய மாட்டேங்குது?" என்று அதைத் தட்டிப் பார்ப்பார்.

"அதுக்கும் ஒரு மீட்டர் வச்சிடுங்க" என்பாள் மனைவி.

அறுத்த பழைய ஹோஸ் உள்ளே பாளம் பாளமாக வெடித்துத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்ததும், அவர் டீயோடு திரும்புவதற்குள் மைத்துனன் புது ஹோஸை மாட்டிவிட்டதும், அந்தக் காரை விற்ற பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது.