முட்புதர் என்று நான் குறித்த இடம்

போன கோடைக்கு முந்தின கோடையில் நடந்தது இது. கனகபுரா தாண்டி, மலை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சின்ன ஊர். ஆனால் தப்பு நடந்தது அங்கே இல்லை. பெங்களூரில் எங்கள் ஆபீஸில், ஏசிக்கு நேர் கீழே இருக்கும் என் நாற்காலியில்தான் நடந்தது.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் பெங்களூர் ஜோகுபாளையம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ். வாய் கொஞ்சம் நீளம். "உன்கிட்ட வாயக் குடுத்துட்டு யாராவது தப்பிக்க முடியுமா?" என்று என் வீட்டுக்காரர் அலுத்துக்கொள்வார். வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து வரைபடம் தயாரிப்பது என் வேலை. அப்போது எங்களிடம் வந்திருந்தது ஒரு எண்ணெய்க் குழாய்த் திட்டம். மண்ணுக்கு அடியில் குழாய் போகும். அது போகிற வழியில் ஒரு நீளப் பட்டையாக நிலத்தை எடுத்துக்கொள்வார்கள். நிலம் உரியவர் பெயரிலேயே இருக்கும், ஆனால் அந்தப் பட்டைக்குள் வீடு கட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது, கிணறு தோண்டக்கூடாது. அந்தப் பட்டைக்குள் இப்போது என்னென்ன இருக்கிறது என்று படத்தைப் பார்த்துக் குறித்துக் கொடுக்க வேண்டியது நான்.

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. வீடு, கிணறு, தோப்பு என்று குறித்தால் யாராவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். முட்புதர் என்று குறித்தால் வேண்டாம். அதனால் படத்தில் என்னவென்று சரியாகத் தெரியாததையெல்லாம் நான் முட்புதரில் தள்ளிவிடுவேன். என்னைக் கேட்டால், எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் அப்படித்தான். அந்த மலையடிவாரத்தில் நாலு கிலோமீட்டருக்கு வரிசையாக முட்புதர், முட்புதர் என்று போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்துபோனது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

பிறகு அந்த ஊரில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கும் கூட்டம் வைத்தார்கள். கன்னடமும் தமிழும் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார் எங்கள் டீம் லீடர். அரசுப் பள்ளி மைதானத்தில் பந்தல், நாற்காலிகள், மைக், ஒரு பெரிய திரை. கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்திருந்த அதிகாரி நல்ல பொறுமைசாலி. தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கையில் நிலப் பத்திரத்தோடு வந்து சத்தம் போட்டார்கள். என் மாமரம், என் போர்வெல், என் பிள்ளை கட்டப்போகும் வீடு. அதிகாரி எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். கூட்டத்துக் குறிப்பில் என்ன ஏறுகிறதோ அதுதான் மேலே போகும், மற்றதெல்லாம் காற்றோடு போய்விடும் என்று டீம் லீடர் என் காதில் சொன்னார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். என் வயதுதான் இருக்கும். இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள், மலையடியில் பதினோரு வீடுகள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். சர்வே நம்பர் என்ன என்று கேட்டார்கள். அவளிடம் நம்பரும் இல்லை, பத்திரமும் இல்லை. நோட்டீஸ்கூட அவர்கள் பெயருக்கு வந்ததில்லை.

"பைப்பு வேணாம்னு நா சொல்லல சாமி. எங்க தண்ணி மேல மட்டும் போடாதீங்க. வெயில் காலத்துல எங்களுக்கு அது ஒண்ணுதான்" என்றாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்கோ என் வரைபடத்தின் மேல் அவ்வளவு கர்வம். அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். காய்ந்த ஓடை, அதன் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. மைக்கைப் பிடித்து, முதலில் கன்னடத்திலும் பிறகு தமிழிலும், "இங்க தண்ணியே கிடையாது. கிணறு இல்ல, குளம் இல்ல. வெறும் முட்புதர்தான்" என்று கணீரென்று சொன்னேன். யாரோ சிரித்தார்கள். குறிப்பு எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பாட்டு இடைவேளையில் அவளே என்னிடம் வந்தாள். கோபமெல்லாம் இல்லை. "வா அக்கா, பாத்துட்டு வந்துடலாம். கிட்டத்தான்."

அவள் சொன்ன 'கிட்ட' என்பது அரைமணி நேர நடை. எனக்கு ஆபீஸ் செருப்பு, தலைக்கு மேல் வெயில். கையில் இருந்த பாட்டில் தண்ணீர் பாதி வழியிலேயே காலி. உண்மையைச் சொன்னால், நான் சொன்னதுதான் சரி என்று அவளுக்குக் காட்டிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். ஓடைக்குள் இறங்கினோம். மணல், வெள்ளைப் பாறை, ஒரு வளைவு. அந்த வளைவை நான் மேலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அங்கே என் திட்டும் இருந்தது. சாட்சாத் முட்புதர்.

"பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று வாயெடுத்தேன்.

அவள் பாறை இடுக்கிலிருந்து கவட்டைக் குச்சி ஒன்றை எடுத்தாள். புதரின் ஓரத்தில் கொடுத்து இழுத்தாள். புதர் அப்படியே நகர்ந்தது. அடக் கடவுளே! வேரே இல்லை. எல்லாம் வெட்டிக் கொண்டுவந்து அடுக்கிய முள். அதற்குக் கீழே சுற்றிலும் கல் அடுக்கிய ஒரு குழி. ஆள் இடுப்பளவு ஆழம். அடியில் கண்ணாடி மாதிரி தண்ணீர்.

குழியோரம் குந்தி உட்கார்ந்தேன். "ஏன் இப்படி மூடி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"மூடலன்னா காட்டுப் பன்னி எறங்கி ஒழப்பிடும். கன்னுக்குட்டி விழும், புள்ளைங்க விழும். அதான் மொண்டதும் மூடிடணும். மூடாம போனவங்க மறுநாளு எல்லாருக்கும் கடைசியிலதான் மொள்ளணும். அப்பிடி ஒரு கட்டு எங்களுக்குள்ள."

செம்பில் மொண்டு கொடுத்தாள். குடித்தேன். நான் இல்லவே இல்லை என்று மைக்கில் சொன்ன தண்ணீர், தொண்டைக்குள் சில்லென்று இறங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்னும் சில வாரங்களில் இந்த வளைவில்தான் மண் தோண்டும் இயந்திரம் இறங்கப்போகிறது. அதற்கு வழிவிட்டது முட்புதர் என்று தட்டிய என் விரல்.

"கவலப்படாதீங்கம்மா, ஆபீஸுக்குப் போனதும் நானே மாத்திடறேன்" என்றேன், ஏதோ பெரிய உபகாரம் செய்கிற மாதிரி.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "ஆபீஸ்ல சொன்னா எனக்குக் கேக்குமா அக்கா? மைக்குலதான சொன்ன? மைக்குலயே சொல்லிடு."

கிளம்பத் திரும்பினேன். "இரு இரு" என்று குச்சியை என் கையில் கொடுத்தாள். கடைசியாகக் குடித்தது நான், அதனால் மூட வேண்டியதும் நான்தானாம். முள்ளை இழுத்து மூடுவதற்குள் கையில் நாலு இடத்தில் கீறிவிட்டது. அவள் சரிபார்த்து, ஒரு கிளையை மட்டும் திருப்பி வைத்தாள்.

கூட்டம் மறுபடி ஆரம்பித்தது. டீம் லீடரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "இப்ப சும்மா இருங்க மேடம். ஆபீஸ் போய் பாத்துக்கலாம். ஒண்ணு தப்புன்னு சொன்னா மொத்த மேப்பையும் தப்புன்னுவாங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். வேலை போய்விடுமோ என்று பயம் வேறு. கடைசி வரிசையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை, யாரோ ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்துபோய் மைக்கைக் கேட்டு வாங்கினேன். "காலையில நான் சொன்னது தப்பு. அங்க தண்ணி இருக்கு. நானே குடிச்சிட்டு வந்தேன். நேர்ல பாக்காமலே முட்புதர்னு எழுதினது நான்தான். இதைக் குறிப்புல சேர்த்துக்குங்க" என்று இரண்டு மொழியிலும் சொன்னேன்.

யாரும் கை தட்டவில்லை. தோட்டக்காரர் ஒருவர் துள்ளி எழுந்து, "அப்ப என் தோட்டத்த மட்டும் பாத்தா எழுதுனீங்க? வாங்க, வந்து பாருங்க!" என்று கத்தினார். அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். அதிகாரி மேஜையைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோய், கடைசியில் அந்த நாலு கிலோமீட்டரையும் நேரில் நடந்து பார்த்து எழுத வேண்டும் என்று குறிப்பில் ஏற்றினார். இந்தக் களேபரத்தில் அவளைத் தேடினேன். காணோம். தண்ணீர் மொள்ளும் நேரம் என்று போய்விட்டாளாம்.

வேலை போகவில்லை, ஆனால் நாலு கிலோமீட்டரையும் நடந்து முடிக்கும் வேலை என் தலையில்தான் விழுந்தது. நடந்தேன். நான் முட்புதர் என்று எழுதியதில் ஒரு ஆட்டுப்பட்டி இருந்தது, இரண்டு கல்லறைகள் இருந்தன, ஒரு ராகி வயலின் காய்ந்த தாளும் இருந்தது. நிஜமான முட்புதரும் நிறையவே இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஓடை வளைவில் குழாயின் வழியை ஊர் ரோட்டுக்கு அந்தப்பக்கம் மாற்றினார்கள். தோட்டக்காரர்களின் சண்டை இன்னும் கோர்ட்டில் நடக்கிறது. யார் பக்கம் நியாயம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்த வருஷம் அதே இடத்தின் புதுப் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அதே வளைவு, அதே சாம்பல் திட்டு. படம் எடுத்த அன்றைக்கும் யாரோ கடைசியாக மொண்டு, மறக்காமல் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். கையிலிருந்த கீறல் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் என்னவென்று தெரியாத ஒரு திட்டைப் பார்த்து முட்புதர் என்று அடிக்கப் போகும்போதெல்லாம், இதை அங்கே போய் மைக்கில் சொல்ல முடியுமா என்று என்னையே கேட்டுக்கொண்ட பிறகுதான் இன்றைக்கும் என் விரல் நகர்கிறது.