மன்றாட்டுச் சீட்டில் மகள் பெயரை எழுதினேன்

ஏழு வாரம் நான் ஆண்டவரோடு சண்டை போட்டேன். செபித்தேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் சாட்சி சொல்லும்போது பொய் சேரக் கூடாது. நான் செய்தது சண்டை.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், குரல் தெரியாது. புதன்கிழமை நவநாள் செபத்துக்கு வந்து, கோயிலுக்குள் நுழையாமல் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்திலேயே நின்றுவிட்டுப் போகிற ஆள் ஒருவன் இருப்பான். அது நான்தான். வேலை முடிந்து நேராக வருவேன். சட்டையில் வெங்காய வாடை அடிக்கும். அதோடு, நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு எழாது. மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். முடியாது என்றேன். அப்படியென்றால் எழுதிக் கொடுங்கள் என்றார் ஃபாதர். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுதியது இது.

நம் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருபத்தோரு வருடமாக வேலை செய்கிறேன். பானை கழுவப் போனவன் நான். இன்று அங்கே பஃபே மேசையில் இருக்கிற மீன் தலைக் கறி நான் வைப்பது. வெளிநாட்டுக்காரர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் என் பதவி இன்னும் உதவியாள்தான். மூன்று முறை பதவி உயர்வு கேட்டேன். மூன்று முறையும் ஒரே கேள்வி வந்தது. "சர்டிபிகேட் இருக்கா அங்கிள்?"

கடைசியாக அப்படிக் கேட்டவருக்கு இருபத்தெட்டு வயது. டிகிரி முடித்து, எங்களுக்கு மேலே செஃப்பாக வந்தவர். ஒரு நாள் தாளிக்கும்போது கடுகு கருகுகிறது, அவர் பக்கத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருக்கிறார். நான்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அன்று மாலையே விருந்தாளிகளிடம் என் கறியைத் தன் கறி என்று சொன்னார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலை அப்படியே ஜெலுத்தோங்கில் இருக்கிற எங்கள் ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எனக்கு ஒரே மகள், ரெஜினா. போன வருடம் பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த வாரம், சமையல் கலை படிக்கப் போகிறேன் என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் ஒரு கல்லூரிக்குப் போய் விவரம் கேட்டு வந்தாள். அங்கே இரண்டு வழி இருந்தது. ஒன்று ஒன்றரை வருட டிப்ளோமா. மற்றது நான்கு வருட டிகிரி. நான் யோசிக்கவே இல்லை. டிகிரிதான். என் மகளிடம் யாரும் சர்டிபிகேட் இருக்கா என்று கேட்கக் கூடாது. கேட்டால், அவர்கள் மூக்குக்கு முன்னால் அதை அவள் நீட்ட வேண்டும்.

அவள் டிப்ளோமா என்றாள்.

"டிகிரின்னு சொன்னா டிகிரிதான்."

"எனக்கு டிப்ளோமா போதும்ப்பா."

"போதும்னு சொல்ல நீ யாரு?"

"படிக்கப் போறது நான் லா!"

அத்தோடு எங்கள் பேச்சு நின்றது. என் மனைவி லூர்து, "ரெண்டு பேருக்கும் ஒரே மண்டை. சுத்தியல் போட்டாலும் உடையாது" என்று சொல்லிவிட்டுத் துணி காயப் போடப் போய்விட்டாள். கல்லூரியில் கொடுத்த தாள்கள் இரண்டும் குளிர்பெட்டியின் மேல் கிடந்தன. ஆங்கிலத்தில் இருந்தன. நான் அவற்றைத் தொடவில்லை.

விண்ணப்பம் கொடுக்க இரண்டு மாதம்தான் இருந்தது. அப்போதுதான் ஒன்பது புதன் சகாய மாதா நவநாள் நேர்ந்துகொண்டேன். மகளின் பிடிவாதம் உடைய வேண்டும், இதுதான் என் வேண்டுதல். முதல் வாரம் கேட்டேன். இரண்டாம் வாரம் கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். வீட்டில் ஒன்றும் மாறவில்லை. மூன்றாம் வாரம் மன்றாட்டுச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டேன்.

இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். உங்களுக்கெல்லாம் தெரியும், பெட்டியில் விழுகிற சீட்டுகளை நவநாளில் எடுத்து எல்லாருக்கும் கேட்க வாசிப்பார்கள். அதனால் நீங்கள் 'ஒரு குடும்பத்தின் நிம்மதிக்காக' என்று பொதுவாக எழுதுகிறீர்கள். எனக்கு அது தெரியாது. எத்தனையோ வருடமாக வெளியில் நிற்கிறவன் நான். அங்கே பாட்டு மட்டும்தான் தெளிவாகக் கேட்கும். சீட்டுகளைப் பீடத்தில் வைத்து எரித்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அரசாங்க ஆபீசில் பெயரும் வீட்டு எண்ணும் இல்லாத மனுவை வாங்க மாட்டார்கள். மாதாவிடமும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். மகள் பெயர், ஃபிளாட், எத்தனையாவது மாடி. 'என் மகள் ரெஜினா டிப்ளோமா வேண்டாம் என்று சொல்லி டிகிரி படிக்க வேண்டும். அவள் திமிரை அடக்கித் தாரும் தாயே.'

சிசிலியா அக்கா அதை ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்.

ரெஜினா அப்போது பாடகர் குழுவில் நின்றுகொண்டிருந்தாள். உங்களில் சிலர் சிரித்தீர்கள். வெளியில் நின்ற எனக்கே அந்தச் சிரிப்பு கேட்டது. எதற்கென்றுதான் தெரியவில்லை. பிறகு அவள் பக்கவாசல் வழியாக வெளியே வந்தாள். என் மோட்டாரைத் தாண்டி, என்னைப் பார்க்காமல், நடந்தே வீட்டுக்குப் போனாள்.

விஷயம் தெரிந்ததும் நான் சிசிலியா அக்காவிடம் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் சத்தம் போட்டேன்.

"பேரக்கூடவா வாசிப்பீங்க?"

"எழுதியிருக்கறத வாசிக்கறதுதான் அண்ணே என் வேல. மாடி நம்பர்கூடப் போட்டிருந்தீங்க. போஸ்ட் ஆபீஸ்னு நினைச்சீங்களா?"

அதற்கும் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு ஆளாளுக்கு யோசனை. பெண் பிள்ளைக்கு எதற்கு நாலு வருடம் என்றார் ஒருவர். சமையலுக்குக்கூட காலேஜா அண்ணே என்றார் இன்னொருவர். உங்களை யார் கேட்டது? அன்று கேட்க முடியவில்லை, இப்போது எழுத்தில் கேட்கிறேன்.

ஆனால் உங்கள் மேல் வந்த கோபத்தைவிட ஆண்டவர் மேல் வந்த கோபம் பெரிது. என் குறையை உம்மிடம் இரகசியமாகச் சொன்னேன், நீர் அதைச் சபை நடுவில் போட்டு உடைத்தீர். ஹோட்டலில் அவமானம் போதாதென்று இங்கேயும் அவமானமா? நான்காம் வாரம், ஐந்தாம் வாரம், ஆறாம் வாரம் இதையேதான் கேட்டேன். வீட்டில் ரெஜினா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு தட்டில் இருக்கும், அவள் அறைக் கதவு மூடியிருக்கும். செஃப்பிடம் காட்ட முடியாத கோபத்தை நானும் அந்தக் கதவிடம் காட்டினேன். ஒரு நாள் காலால் உதைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஏழாவது புதன் லூர்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெளியில நின்னது போதும். இன்னிக்கு உள்ள வந்து உட்காருங்க" என்றாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாடகர் குழுவில் ரெஜினா இருந்தாள். சிசிலியா அக்கா சீட்டுகளை வாசித்துக்கொண்டே வந்தார். திடீரென்று ஒரு சீட்டைப் பார்த்து நிறுத்தினார். பிறகு வாசித்தார்.

'என் அப்பாவுக்காக. அவர் என்னைப் பற்றி மாதாவிடம் பேசுகிறார். என்னிடம் பேசுவதில்லை. டிகிரி ஏன் வேண்டாம் என்று ஒரு தடவையாவது அவர் என்னைக் கேட்க வேண்டும். ரெஜினா.'

மாடி எண்ணையும் எழுதியிருந்தாள்.

இந்த இடத்தில் என் மனம் உருகியது, கண்ணீர் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. இரத்தம் தலைக்கு ஏறியது. மாதாவே, நீயும் அவள் கட்சியா என்று எழுந்து வெளியே போய்விட்டேன். மோட்டார் சாவியைத் திருப்பினேன். வண்டி கிளம்பவில்லை. உதைத்தேன், கிளம்பவில்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் ரெஜினா நிற்கிறாள். நவநாள் முடியவில்லை. உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் பாட்டை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

கோபத்தோடுதான் கேட்டேன். "சரி, கேக்குறேன். ஏன் வேணாம்? சொல்லு!"

"இப்படிக் கத்துனா சொல்ல மாட்டேன்."

"எப்படிக் கேக்கணும்?"

"உட்கார்ந்து."

கோயிலுக்கு எதிரே இருக்கிற ஒட்டுக்கடைக்குப் போனோம். பால் சேர்க்காத தேநீர், இரண்டு தே ஓ சொன்னாள். பையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்தாள். குளிர்பெட்டி மேல் கிடந்த அதே தாள்கள். எப்போது எடுத்தாளோ, அவற்றைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஒவ்வொரு பாடமாகத் தமிழில் சொன்னாள். டிகிரியில் முதல் வருடம் முழுவதும் வகுப்புப் பாடம், அடுப்பே இல்லை. அடுத்து வாரத்துக்கு ஒரு நாள் சமையலறை. மீதி நாள் விற்பனை, ஆள் நிர்வாகம், சட்டம். டிப்ளோமாவில் வாரத்துக்கு நாலு நாள் சமையலறை, கடைசி ஆறு மாதம் ஹோட்டலில் பயிற்சி.

அவள் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்தது. அந்தச் செஃப் எப்படிக் கடுகு கருகுவது தெரியாமல் நின்றார் என்று புரிந்தது. டிகிரி கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஹோட்டலை நடத்தவும் ஆள் வேண்டும். ஆனால் என் மகள் நடத்த ஆசைப்படவில்லை. அடுப்பு முன்னால் நிற்க ஆசைப்பட்டாள். எந்த மனிதரை நினைத்து நான் தினமும் பல்லைக் கடித்தேனோ, அவரைப் போலவே என் மகளையும் ஆக்கித் தா என்று ஏழு வாரம் மன்றாடியிருக்கிறேன். ஒரு தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று சொந்த மகளிடம் கேட்க வெட்கப்பட்டு, ஒரு கோயில் முழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

"இத முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க கேட்டீங்களா?"

நான் தாள்களை மடித்தேன். அவள் விடவில்லை. "உங்கள மட்டமா பேசுனவங்களுக்குப் பதில் சொல்றதுக்கு நான் நாலு வருஷம் படிக்கணுமா? நீங்களே சொல்லுங்கப்பா. உங்களுக்கு வாய் இல்லையா?"

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. மறுபடியும் கோபம் வந்தது. ஆனால் இந்தத் தடவை அவள் மேல் வரவில்லை, என் மேலேயே வந்தது.

அடுத்த வாரம் அவளோடு கல்லூரிக்குப் போனேன். கடல் பாலத்தில் காற்று அடித்த அடியில் பயம் கொஞ்சம் போயிருந்தது. முகப்பில் ஒரு பெண் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். நானே மலாயில் கேட்டேன். டிப்ளோமா முடித்தவள் பிறகு டிகிரி படிக்க ஆசைப்பட்டால் வழி உண்டா? உண்டு, இரண்டாம் வருடத்தில் சேரலாம் என்றார். ஹோட்டல் பயிற்சியில் அடுப்பில் நிற்க விடுவார்களா, இல்லை வெங்காயம் மட்டும்தான் உரிக்க விடுவார்களா என்றும் கேட்டேன். அவர் உள்ளே போய் ஆசிரியரைக் கூட்டி வந்தார். ஆசிரியர் என்னிடம் கால் மணி நேரம் பேசினார். இருபத்தோரு வருடம் எந்தப் பிரிவில் வேலை என்று கேட்டார். சர்டிபிகேட் இருக்கா என்று கேட்கவில்லை. ரெஜினா டிப்ளோமா என்ற கட்டத்தில் சரிக் குறி போட்டாள். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். மீதி இரண்டு புதனும் நவநாளுக்கு வந்தேன், உள்ளே.

ஹோட்டலிலும் வாயைத் திறந்தேன். விருந்தாளி ஒருவர் கறியைப் பாராட்டியபோது, "இது நான் வச்சது சார்" என்றேன். செஃப் முகம் இறுகியது. பதவி உயர்வு வரவில்லை. அவர் மேல் இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது. அதற்காகவும் செபிக்கிறேன், முழு மனதோடு இல்லை.

ரெஜினா இப்போது ஹோட்டல் பயிற்சியில் இருக்கிறாள். முன்னங்கையில் இரண்டு தீக்காயம். வந்ததும், இன்றைக்கு என்ன செய்தாய் என்று கேட்கிறேன். ஒரு சாஸ் திரிந்துபோன கதையை அரை மணி நேரம் சொல்கிறாள். நான் குறுக்கே பேசுகிறேன், அவள் திட்டுகிறாள். எங்கள் வீட்டில் இவ்வளவு சத்தம் இதற்கு முன் இருந்ததில்லை. இதற்காக ஆண்டவருக்கும் சகாய மாதாவுக்கும் நன்றி சொல்கிறேன். நான் கேட்டதை அவர்கள் தரவில்லை. தந்திருந்தால் என் மகளை இழந்திருப்பேன்.

உங்களில் யாராவது என்னைப் போலக் கோபத்தோடு வெளியில் நின்றால், ஒன்று சொல்கிறேன். முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஆண்டவரிடம் வர வேண்டியதில்லை. கோபத்தோடேயே வாருங்கள். நான் திட்டிக்கொண்டே வந்தேன், அவர் தாங்கினார். பதில் வந்தபோது எழுந்து ஓடவும் செய்தேன். வண்டி நிறுத்தும் இடம் வரைக்கும் அவர் என் பின்னாலேயே வந்தார்.