எட்டு நட்டும் சரியாகத்தான் இருந்தன

1. மூன்றாவது முறை

விக்னேஷின் சிவப்பு ஹேட்ச்பேக் மூன்றாவது முறையாக என் கடைக்குத் திரும்பி வந்தபோது, தெருமுனையிலேயே அதை அடையாளம் கண்டுகொண்டேன். பின்பக்கம், அடியிலிருந்து, துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல ஒரு கிரீச். பின்பக்க ஸ்வே பாரை நான் மாட்டி நாற்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்வே பார் என்பது பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே போகும் வளைந்த இரும்புக் கம்பி. வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போது இந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு சாய்வைக் குறைக்கும். பல சின்ன வண்டிகளில் கம்பெனியே பின்னால் இதைக் கொடுப்பதில்லை. வேண்டியவர்கள் வெளியே வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

விக்னேஷ் அஸ்தினாபுரத்தில் குடியிருக்கிறார். வேலை நாவலூரில், ஐ.டி. கம்பெனியில். ஸ்வே பார் பார்சலை அவரே வரவழைத்து எடுத்துவந்திருந்தார். அவருடைய நண்பர்கள் பதினோரு பேரிடம் அதே மாடல் வண்டி.

"சார், என் வண்டி ரெண்டு மாசம் பிரச்சினை இல்லாம ஓடட்டும். பதினொண்ணும் இங்கதான் வரும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

எனக்கு அந்தப் பதினோரு வண்டியும் வேண்டும். காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். கேம்ப் ரோட்டில் என் கடையிலிருந்து நான்காவது கடை தனசேகரனுடையது. ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் பதின்மூன்று வருடம் அடுத்தடுத்து நின்று வேலை பார்த்தவர்கள் நாங்கள். நான் டிப்ளமா படித்தவன். அவன் எட்டாம் வகுப்பு. நட்டை இவ்வளவுதான் முறுக்க வேண்டும் என்று அளவு காட்டுகிற டார்க் ரென்ச்சை அவன் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவன் கடையில் ஆட்கள் வேலை முடிந்த பிறகும் நின்று பேசுவார்கள். என் கடையில் நான்கு நாற்காலி போட்டிருக்கிறேன். மூன்று எப்போதும் காலி.

2. மாட்டிய விதம்

எப்படி மாட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இளைய மெக்கானிக்குகளுக்கு உதவும்.

ஆக்சிலோடு பாரைப் பிடிக்க இரண்டு கிளாம்ப், அதற்கு நான்கு நட்டு. பாரின் இரண்டு முனையையும் பாடியோடு சேர்க்க இரண்டு லிங்க், அதற்கு நான்கு நட்டு. ஆக எட்டு. வண்டி ஜாக்கியில் தொங்கும்போது எட்டையும் கையால் மட்டும் முறுக்கி விட வேண்டும். பிறகு சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டியின் எடை முழுவதும் உட்கார்ந்த பிறகுதான் பிட்டில், அதாவது வண்டிக்குக் கீழே உள்ள குழியில், இறங்கிக் கடைசி முறுக்கு. தொங்கவிட்டபடியே இறுக்கினால் லிங்க்கில் இருக்கும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். கிளாம்ப்புக்குள் பாரைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையமான புஷ்ஷுக்குச் சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் எட்டையும் ஒரு முறை சோதிக்க வேண்டும்.

இத்தனையும் செய்தேன். நட்டு நகர்ந்தால் தெரியும்படி ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடும் போட்டேன். இருந்தும் பன்னிரண்டாம் நாள் சத்தம் வந்தது, கிரீஸ் போட்டேன். இருபத்தேழாம் நாள் மறுபடியும். புஷ்ஷைக் கழற்றிக் கழுவி, புதிதாகக் கிரீஸ் வைத்து மாட்டினேன். இப்போது நாற்பத்திரண்டு. பிட்டில் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தால் எட்டுக் கோடும் மயிரிழைகூட நகரவில்லை. புஷ்ஷில் மட்டும் கிரீஸே இல்லை. யாரோ துடைத்து எடுத்ததுபோல இருந்தது.

"ஆபீஸ் பார்க்கிங்ல மானம் போகுது சார். மாட்டு வண்டி வாங்கிட்டியாடான்னு கேக்குறானுங்க" என்றார் விக்னேஷ்.

"புஷ் தரமில்ல சார். உங்க பார்சல்ல வந்ததுதானே. வேற வரவழைக்கிறேன், பத்து நாள் ஆகும்."

"பத்து நாளா?"

அவர் பார்வை நான்காவது கடைப் பக்கம் போயிற்று. போனதை நான் பார்த்தேன்.

3. இருபத்தைந்து நிமிடம்

மறுநாள் காலை அந்தச் சிவப்பு வண்டி தனசேகரன் கடை வாசலில் நின்றது. கையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு, எதையோ துடைப்பதுபோல நானும் என் வாசலில் நின்றேன். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வா சார், சேலையூர் பக்கம் ஒரு டீ அடிச்சிட்டு வரலாம்" என்றான். பத்து நாற்பதுக்குப் போனார்கள். பதினொன்று ஐந்துக்குத் திரும்பினார்கள். இறங்கும்போது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவன் அடியில் புகுந்து கிரீஸ் வைத்தான். வண்டி போய்விட்டது. மூன்றாம் நாள் திரும்பி வரும் என்று நினைத்தேன். வர வேண்டும் என்று நினைத்தேன் என்பதே உண்மை.

பதினெட்டு நாள் கழித்துத்தான் என் கடைக்கு வந்தது. சத்தம் இல்லை. விக்னேஷ்தான் நடந்ததைச் சொன்னார்.

"ஒரு ஸ்பீட் பிரேக்கர் தாண்டினோம் சார். உடனே நிறுத்தச் சொன்னாரு. 'இன்னா சார் நீ, கட்டில வாசப்படில நுழைக்கிறா மாதிரி வண்டிய கோணையா ஏத்திகினு போற?'ன்னு கேட்டாரு. எங்கப்பாவோட பழைய வண்டி அடி தட்டும் சார். அதுல ஓட்டக் கத்துக்கிட்டதுல அப்படியே பழகிடுச்சு. இப்ப நேராத்தான் ஏத்துறேன்."

நம் ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். நேராக ஏறினால் இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே போகும். பார் புஷ்ஷுக்குள் லேசாகத் திரும்பும், அவ்வளவுதான். குறுக்காக ஏறினால் ஒரு சக்கரம் மேலே, ஒன்று கீழே. பார் முழுதாக முறுக்கிக்கொண்டு புஷ்ஷை நெருக்கிக் கிரீஸைப் பிதுக்கிவிடும். பிறகு என் ஸ்கூட்டரில் போய் எண்ணினேன். அஸ்தினாபுரத்திலிருந்து நாவலூர் வரை முப்பத்து நான்கு ஸ்பீட் பிரேக்கர். போக வர அறுபத்தெட்டு. அந்த நாற்பத்திரண்டில் விடுமுறை போக முப்பது நாள், இரண்டாயிரத்து நாற்பது முறுக்கு. வண்டிக்கு அடியில் இருந்ததையெல்லாம் எண்ணிய நான், உள்ளே ஏறி ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு முறைகூட உட்காரவில்லை.

4. பதினோரு வண்டி

அன்று மாலையே தனசேகரன் என் கடைக்கு வந்தான்.

"ண்ணா, அந்தப் பசங்களாண்ட பதினோரு வண்டி கீது. உங்க ஃபிட்டிங்க அடியில பூந்து பாத்தேன். சோக்கா கீதுண்ணா. அவங்களாண்டயும் சொன்னேன், பெரியவரு மாதிரி எனக்கு மாட்ட வராதுன்னு. நீங்க மாட்டுங்க. நான் கூட உக்காந்து ட்ரயல் பாக்குறேன். இன்னா சொல்றீங்க?"

நல்ல யோசனை. எனக்கு அது உடனே தெரிந்தது. ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு கஸ்டமரிடம்கூட அவனைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அவனோ என்னைப் பற்றிச் சொல்லிவிட்டு, அதை என்னிடமே வந்து சொல்கிறான், டீ குடித்த கதை சொல்வதுபோல. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"எனக்கு நேரமில்லப்பா. வேலை தலைக்கு மேல கெடக்கு" என்றேன்.

அவன் பிட்டைப் பார்த்தான். பிட் காலி. சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"செரிண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பதினொன்றையும் அவனே மாட்டினான்.

இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டு. ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால், வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் போய்வாருங்கள். அடுத்தது, சேர்ந்து செய்யலாம் என்று ஒருவன் உங்கள் கடைக்குள் வந்து கேட்டால் முதலில் சரி என்று சொல்லுங்கள். பொறாமை அப்புறம் பட்டுக்கொள்ளலாம், அது எங்கேயும் போய்விடாது.

அந்தப் பதினொன்றில் ஆறு வண்டி தினமும் காலையில் இந்த ரோட்டில்தான் போகிறது. எங்கள் வரிசைக்கு எதிரே ஒரு ஸ்பீட் பிரேக்கர் உண்டு. ஆறும் நேராக ஏறி நேராக இறங்குகின்றன. காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். இதுவரை ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை.