ஊதுதது வேற, மெல்லுதது வேற

மத்தியானக் காட்சிக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது பேச்சிக்கனி பால்கனி நாற்காலிகளுக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருப்பாள். கையில் பாதி உடைந்த ஆக்சா பிளேடு. பிடிக்கிற பக்கம் சைக்கிள் டியூப் சுற்றியது. மென்று ஒட்டிவைத்ததைச் சுரண்டும்போது துகள் கண்ணில் விழாதபடி முகத்தை ஒருக்களித்துக்கொள்வாள். தென்காசி ரயில்வே கேட்டுக்கு அப்பாலுள்ள அந்தத் தியேட்டரில் பதினோரு வருஷமாகப் பெருக்குகிறவள் அவள்தான். வயது நாற்பத்தைந்தைத் தொடுகிறது. ஆய்க்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறாள்.

ஒரு படத்தையும் அவள் முழுசாகப் பார்த்ததில்லை. ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது விளக்குமாறோடு பின்னால் வந்து நிற்பதால், நூற்றுக்கணக்கான படங்களின் முடிவு மட்டும் அவளுக்குத் தெரியும். படம் எப்படி என்பதைத் தரையைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். "சண்டைப் படம்னா மென்னு மென்னு ஒட்டியிருப்பானுவ. அழுவாச்சிப் படத்துக்கு வெறும் கடலத் தோலுதான்."

அவள் காதில் விழ யாரும் வெறுமனே 'கம்' என்று சொல்லிவிட முடியாது. "கம்முன்னா போஸ்டாபீசுல கவர் ஒட்டுதது. இங்கன ஒட்டுதது ரெண்டு சாதி. மெல்லுதது சூயிங்கம், வெள்ளையா இருக்கும், காஞ்சா கல்லு, பிளேடு வச்சா பொரிஞ்சு வரும். ஊதுதது பப்புள்கம். ஊதணும்னா இழுவை வேணும்லா? அதான் எடுக்க எடுக்க நூலா வருது. இதுல ஒன்னு எடுக்குத நேரத்துல சூயிங்கம் பத்து எடுத்துருவேன்."

தியேட்டருக்குள் கடை வைத்திருக்கும் சேக் மைதீன் வெள்ளைச் சூயிங்கம் மட்டும்தான் விற்பார். ஊருக்குள் பப்புள்கம் வந்த புதிதில் அதையும் வைத்திருந்தார். கதாநாயகி உயிரை விடுகிற கட்டத்தில் பெஞ்சிலிருந்து ஒருத்தன் அதை ஊதி 'பட்'டென்று வெடிக்க, கொட்டகையே சிரித்துவிட்டது. அன்றோடு மேனேஜர் நெல்லையப்பன் அதை நிறுத்திவிட்டார்.

போன வருஷம், எண்பத்து நான்கு, ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் நன்றாக இருந்தது. அருவியில் குளித்து முடித்த வெளியூர்க் கூட்டம் மத்தியான ஆட்டத்துக்குத் தென்காசிக்கு வந்துகொண்டிருந்தது. இலஞ்சியில் வீடும் தோப்பும் உள்ள வாலாம்பாள் அம்மாள், பம்பாயிலிருந்து வந்திருந்த மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு பால்கனிக்கு வந்திருந்தார். இடைவேளை மணி அடித்ததும் அவர் எழுந்தார். மாம்பழக் கலர்ப் பட்டுப் புடவையின் பின்பக்கம் நாற்காலியோடு சேர்ந்து இழுத்தது.

அவர் வெளியே வந்ததும் சேக் மைதீனின் சோடாக் கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. நெல்லையப்பன் ஓடி வந்தார்.

"காசு வாங்கறேள், ஒரு நாற்காலியைத் துடைச்சுப் போட ஆள் இல்லையா?" என்றார் வாலாம்பாள். "போன மாசம்தான் எடுத்தது. போச்சு."

"ஏட்டி பேச்சி, இங்கன வா" என்று நெல்லையப்பன் கத்தினார். "பால்கனியப் பெருக்குனியா, இல்ல கெடந்து தூங்குனியா? அம்மாகிட்ட மன்னிப்புக் கேளு."

பேச்சிக்கனி விளக்குமாற்றோடு வந்தாள். அந்த அம்மாளிடம் "கொஞ்சம் திரும்புங்கம்மா" என்றாள். குனிந்து பார்த்தாள். ரோஸ் நிறம். விரல் நுனியால் தொட்டு இழுத்தாள். ஒரு முழ நூலாக வந்தது. மோந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, நான் பெருக்கி ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அதுக்கு முன்னால ஒட்டுனதுன்னா தூசி அப்பி நிறம் செத்துருக்கும். இதுல ஒரு தூசி இல்ல, பழவாசம் கூடப் போகல. இது ஆட்டம் ஆரம்பிச்ச பெறவு ஒட்டுனது. இது சூயிங்கமும் இல்ல, நம்ம கடையில விக்கவும் இல்ல."

சொல்லிக்கொண்டே வாலாம்பாளின் மாப்பிள்ளை சுப்புராமனைப் பார்த்தாள். சிகரெட்டை விடுவதற்காக எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கிறவர் அவர். அப்போதும் மென்றுகொண்டிருந்தார்.

"சார், நீங்க மெல்லுதது மெல்லுததா, ஊதுததா?"

அவர் தாடை நின்றது. அவர் மனைவி சட்டென்று சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள்.

நெல்லையப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. அவளைத் தூண் ஓரமாக இழுத்துப் போய்ப் பல்லைக் கடித்தார். "ஊருக்கு வந்த மாப்பிள்ளையப் போயி நாலு பேரு முன்னால கேக்கே. உனக்குக் கூறு இருக்கா? ஒரு வார்த்த மன்னிப்புன்னு சொல்லித் தொல. இல்லன்னா நாளைக்கு வராத."

பேச்சிக்கனி சேக் மைதீன் கடைப் பெட்டியிலிருந்து ஒரு கட்டி ஐஸை எடுத்தாள். வாலாம்பாள் அம்மாளைப் பெஞ்சில் ஒருக்களித்து உட்காரவைத்து, பட்டின் மேல் ஐஸை வைத்துப் பொறுமையாகத் தேய்த்தாள். இளகிக் கிடந்தது விறைத்தது. நகத்தால் நெம்பி எடுத்தாள். ஓர் இழைகூடப் பிரியவில்லை. அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மாப்பிள்ளையைப் பார்க்காமலே, "போறும், உள்ள போகலாம்" என்றார்.

"கறைய எடுக்கது என் வேல அண்ணாச்சி, எடுத்துட்டேன்" என்றாள் பேச்சிக்கனி. "செய்யாததுக்கு மன்னிப்புக் கேக்க என்னால ஆவாது." விளக்குமாற்றை டிக்கெட் கவுண்டரில் சாத்தி வைத்துவிட்டு, பஸ் ஏறப் போய்விட்டாள். வீட்டில் அவள் கையை எதிர்பார்த்து இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள்.

நெல்லையப்பன் வேறொருத்தியைக் கொண்டுவந்தார். பால்கனி நாற்காலிகளின் அடியைக் குனிந்து பார்த்ததோடு அவள் போய்விட்டாள். ஐந்தாம் நாள் ஆபரேட்டர் தளவாய் ஆய்க்குடிக்குச் சைக்கிள் மிதித்து வந்தார். "வாக்கா, அவரு வரச் சொல்லுதாரு. பெருச்சாளி உள்ளேயே குடித்தனம் நடத்துது."

"வாரேன் தம்பி. அன்னைக்கு எங்கன நின்னு கேட்டாரோ, அங்கன நின்னு சொல்லணும், எம்மேல தப்பு இல்லன்னு. இடைவேளையில சொல்லணும்."

மறுநாள் இடைவேளையில் சோடாக் கடை முன்னால் நெல்லையப்பன் வந்து நின்றார். கூரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முனகினார்.

"சோடா சத்தத்துல கேக்கல அண்ணாச்சி."

"உம்மேல தப்பு இல்ல. போதுமா?"

"போதும்" என்று சொல்லி விளக்குமாற்றை எடுத்தாள். அதற்குப் பிறகு அவர் அவளை ஏட்டி என்று கூப்பிட்டதில்லை.

இந்த வருஷம் சாரல் தொடங்கியதிலிருந்து பால்கனி வாசலில் அவளே நிற்கிறாள். போன வாரத்துப் பட நோட்டீஸ்களைச் சதுரம் சதுரமாகக் கிழித்து இடுப்பில் செருகியிருக்கிறாள். வாய் அசைகிறவர்களிடம் ஒன்றை நீட்டுவாள். "மென்னு முடிஞ்சா இதுல மடிச்சு உங்க பையிலயே போட்டுக்கிடுங்க. ஊதுததுன்னா இப்பவே துப்பி மடிங்க." தோளில் டவாலி போட்ட பியூனை முன்னால் விட்டு வருகிற அதிகாரியானாலும் இதேதான்.

போன வெள்ளிக்கிழமை பம்பாய் மாப்பிள்ளை சுப்புராமன் மறுபடி வந்தார். வாசலில் அவளைக் கண்டதும் கன்னம் ஒரு பக்கம் உப்பியபடி நின்றார். பேச்சிக்கனி ஒரு கையைக் கதவின் குறுக்கே வைத்தாள். ஒரு சதுரத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே விளக்கு அணைந்து படம் தொடங்கிவிட்டது. அவர் காகிதத்தில் துப்பி மடித்துச் சட்டைப் பையில் போடுகிற வரைக்கும் அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.