தலைக்கு இருபது

செருப்புக்கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டில் ஏறியதும் வருகிற முதல் அறைதான் அந்த டிராவல்ஸ் அலுவலகம். உள்ளே நான்கு மேசைகள். கதவை ஒட்டிய மேசைக்காரிக்கு அலுவலகம் வைத்த பெயர் தலைக்கணக்கு. டிக்கெட் போடுவது எதிர் மேசைக்காரரின் வேலை. ஓட்டல் அறை பார்ப்பது மூலையில் இருப்பவரின் வேலை. கூட்டமாகப் பயணம் போகிறவர்களை வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கும், விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கும் கொண்டு சேர்க்க எந்த வண்டி கட்டுப்படியாகும் என்று பார்த்துச் சொல்வது இவள் வேலை. யார் கேட்டாலும் மொத்தத் தொகையைச் சொல்ல மாட்டாள், தலைக்கு இவ்வளவு என்றுதான் சொல்வாள். மொத்தமாகச் சொன்னால் மனுஷனுக்கு நெஞ்சை அடைக்கும், பங்கு போட்டுச் சொன்னால் பர்ஸ் தானாகத் திறக்கும் என்பது அவள் கட்சி.

வேலை கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். விமான நிலையம் இருப்பது ஊருக்கு வெளியே வெகுதூரத்தில். ரயில் மலிவு, ஆனால் நடுவில் ஓரிடத்தில் இறங்கி மாற வேண்டும், மாறுகிற இடத்து லிஃப்ட் பாதி நாள் படுத்துக் கிடக்கும். பஸ்ஸும் மலிவுதான், ஆனால் பஸ் நிற்கிற இடத்துக்குப் பெட்டிகளோடு போய்ச் சேரவே ஒரு டாக்ஸி பிடிக்க வேண்டியிருக்கும். ஷேர் வண்டி என்று ஒன்று உண்டு. முன்பின் தெரியாத நாலு கூட்டத்தை ஒன்றாக அள்ளிப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவரையும் அவரவர் வாசலில் இறக்கிவிடும். கடைசியாக இறங்குகிறவர்கள் காசில்லாமல் ஊர் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிடலாம். நாலு பேருக்கு ஒரு டாக்ஸி என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு வரும் புத்திசாலிகள் பெட்டிகளை மறந்திருப்பார்கள். ஆள் நாலு, பெட்டி ஆறு என்றால் யாராவது ஒருவர் டிக்கியில்தான் உட்கார வேண்டும்.

அதனால் அவள் முதலில் ஆள் எத்தனை என்பாள், அடுத்து பெட்டி எத்தனை என்பாள். மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்பாள் பாருங்கள், அதை வேறெந்த டிராவல்ஸிலும் கேட்க மாட்டார்கள். உங்களில் யாருக்காவது யாரோடாவது பேச்சு இல்லாமல் இருக்கிறதா?

அது பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு தடவை பதினோரு பேர் கொண்ட குடும்பத்துக்கு அழகாக ஒரு வேன் போட்டுக் கொடுத்திருந்தாள். வேன் வாசலில் வந்து நின்ற பிறகுதான் அந்த வீட்டின் மூத்த மருமகனும் இளைய மருமகனும் எதிரும் புதிரும் என்பது தெரிந்தது. இவர் ஏறினால் அவர் இறங்குகிறார், அவர் ஏறினால் இவர் இறங்குகிறார். கடைசியில் ஒருவர் தெருவில் போன டாக்ஸியை நிறுத்தி, கேட்ட காசைக் கொடுத்துவிட்டுத் தனியாகப் போனார். அந்தக் காசையும் டிராவல்ஸ்தான் தர வேண்டும் என்று அப்புறம் படியேறி வந்து சண்டை போட்டார். அன்றிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவள் யாருக்கும் வண்டி போட்டதில்லை.

முதலாளிக்கு இதில் கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் வாடிக்கையாளர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. முதலில் சிரிப்பார்கள், அதெல்லாம் இல்லை, நாங்கள் எல்லோரும் தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகுகிறவர்கள் என்பார்கள். அரைமணி கழித்துக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, அந்த வேனை இரண்டு டாக்ஸியாக மாற்ற முடியுமா என்று கேட்பார்கள். தாராளமாக மாற்றலாம், ஆனால் உங்கள் சண்டைக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறீர்கள், அவ்வளவுதான் என்பாள் இவள். அதைக் கேட்டுவிட்டுப் பாதிப் பேர் வேனுக்கே திரும்பிவிடுவார்கள். இப்படி அவள் கட்டாயத்தால் ஒரே வேனில் ஏறி, இறங்கும்போது சமாதானமாகிவிட்டதாகத் தகவல் சொன்னவர்களும் உண்டு. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அப்படிப்பட்டவளுக்குச் சொந்த அக்காவோடு பேச்சு இல்லை.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாயங்காலமானால் இருவரும் ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அங்கே அவள் காய் நறுக்க, இங்கே இவள் காய் நறுக்க, கறிகாய் விலையிலிருந்து கரன்ட் பில் வரைக்கும் எல்லாக் கணக்கிலும் ஒருவரை ஒருவர் மடக்குவார்கள். போன வருஷம் அக்கா தன் கணவர், மகள், மாமியாரோடு வெளியூர் போயிருந்தாள். திரும்பி வரும்போது விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வர எந்த வண்டி நல்லது என்று தங்கையைக் கேட்டாள். கேட்டுவிட்டு, மாமியாரைக் கூட்டிக்கொண்டு வரத்தானே, மலிவாக இருந்தால் போதும் என்றும் சொன்னாள். அக்கா தங்கைக்குள் வழக்கமாக நடக்கிற விளையாட்டுப் பேச்சுதான். இவளும் சிரித்துக்கொண்டே ஷேர் வண்டியைப் போட்டுவிட்டாள், தலைக்குப் பதினொன்று.

அந்த வண்டியில் ஒரு கால்பந்துக் குழுவும் ஏறியது. குழு ஓட்டலில் இறங்கியபோது அவர்களுடைய மூட்டைகளோடு மாமியாரின் நீலப் பெட்டியும் இறங்கிப் போனது. அக்கா வீடு கடைசி. வண்டி ஊரையெல்லாம் சுற்றி அவர்களை இறக்கிவிட்டபோது மாமியாருக்கு மாற்றுத்துணி இல்லை. அன்றிரவு அந்த அம்மாள் பேத்தியின் பொம்மை போட்ட சட்டையில் தூங்கினார். மறுநாள் சாயங்காலம் கோல்கீப்பரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. சித்தப்பா வீட்டு விருந்தில் அக்கா இந்தக் கதையை எடுத்துவிட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், என் தங்கை போட்ட கணக்கில் விடை சரி, செய்முறைதான் தப்பு, அதனால் முழு மார்க் கிடையாது என்று அக்கா முடிக்கிற வரையில். அத்தனை பேர் முன்னால் தன் தொழிலையே கேலி செய்தாளே என்று இவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மாமியாரைக் கூட்டிக்கொண்டு வரத்தானே, மலிவாக இருந்தால் போதும் என்று சொன்னது யார் என்று கேட்டுவிட்டாள். கேட்ட மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த மாமியார் எதிரிலேயே, கையில் ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தார். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து சாயங்காலங்களில் ஃபோன் அடிக்கவில்லை. பாவம், இவள் கணவர் அந்த இடத்தை நிரப்பப் பார்த்தார். ஒரு முட்டைக்கோஸை எடுத்து வைத்துக்கொண்டு அடுக்களையில் வந்து உட்கார்ந்தார். ஆனால் அவள் எந்தக் கணக்கைச் சொன்னாலும் சரி சரி என்று ஒத்துக்கொண்டார், அதில் என்ன ருசி இருக்கிறது? அக்காவை ஃபோனில் கூப்பிட அவளுக்கு ஆசைதான். பலமுறை எண்ணைத் தேடி எடுத்தும் விட்டாள். ஆனால் மலிவாகக் கேட்டது தான்தான் என்று அக்கா முதலில் ஒத்துக்கொள்ளட்டுமே என்கிற வீம்பு விடவில்லை. வீம்பு ஒரு பக்கம், அக்கா இல்லாத வெறுமை ஒரு பக்கம். நடுவில் கிடந்து தவித்தாள்.

இப்படி இருக்கையில் கடைசித் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. வேலை பார்க்கிற ஊரிலேயே கல்யாணம், எல்லோருக்கும் விமான டிக்கெட் அனுப்பிவிட்டான். அப்பா, அம்மா, இவள், இவள் கணவர், அக்கா, அத்தான், அவர்கள் மகள், அந்த மாமியார். மொத்தம் எட்டுப் பேர். அம்மா இரண்டு மகள்களுக்கும் தனித்தனியே ஃபோன் போட்டு ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்.

"எல்லாரும் ஒரே வண்டியில போறதுன்னா நான் வரேன். ரெண்டு வண்டின்னா நான் தனியா ரயில்ல போய்க்கறேன்."

மொட்டைமாடிக்கு ஏறவே முட்டியைப் பிடித்துக்கொள்கிறவள் அம்மா. அந்த ரயில் நிலையத்துப் படிகளில் பெட்டியோடு ஏறுவாளா? ஏறுவாள், சொன்னால் செய்கிறவள். வேலை நேரத்திலேயே இவள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு டாக்ஸி நூற்றெண்பது. ஒரு வேன் நூற்று அறுபது. வித்தியாசம் இருபது. வேனில் ஒரு தலைக்கு ஆகிற காசு அச்சாக அதேதான். சண்டைக்கும் ஒரு டிக்கெட் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது இப்போது தன் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. போகப்போவது எட்டுப் பேர், கொடுக்கப்போவது ஒன்பது பேர் காசு.

வண்டி ஏற்பாட்டைத் தன்னிடம்தான் சொல்வார்கள், அந்தச் சாக்கில் அக்காவோடு ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அதை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டார். இந்தத் தொழிலிலேயே ஊறியவள் ஒருத்தி வீட்டில் இருக்க, கணக்கு டீச்சருக்கு என்ன தெரியும் இதில்? இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா நிச்சயம் வேறு டிராவல்ஸில்தான் கேட்பாள், இரண்டு டாக்ஸிதான் போடுவாள் என்று முடிவே கட்டிவிட்டாள்.

மறுநாள் மதியம் மேசை ஃபோன் அடித்தது. எடுத்து வழக்கம்போல வணக்கம் சொன்னாள். மறுமுனையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

"ஏர்போர்ட் போக வண்டி வேணும்" என்றது அக்காவின் குரல். முன்பின் தெரியாத யாரிடமோ பேசுகிறாற்போல இருந்தது.

இவளும் விட்டுக்கொடுக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, முதலாளியே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு மரியாதைக் குரலை வரவழைத்துக்கொண்டாள். ஆள் எத்தனை என்று கேட்டாள். எட்டு என்றாள் அக்கா. பெட்டி எத்தனை என்று கேட்டாள். பத்து, அதில் ஒன்று நீலப் பெட்டி என்றாள் அக்கா. அந்த நீலப் பெட்டி இவளுக்கு உறைத்தது.

"ரயில் எவ்வளவு ஆகும்?"

"தலைக்கு ஏழுங்க. ஆனா படி ஜாஸ்தி. முட்டிவலிக்காரங்க யாராவது இருந்தா வேண்டாம்."

"இருக்காங்க. அவங்கதான் ரயில்ல போவேன்னு மிரட்டிக்கிட்டு இருக்காங்க. ஷேர் வண்டி?"

வேண்டுமென்றேதான் கேட்கிறாள் என்று தெரிந்தது.

"தலைக்குப் பதினொண்ணு. ஆனா இப்பல்லாம் அதை நான் யாருக்கும் போட்டுக் கொடுக்கறதில்லைங்க."

பிறகு இரண்டு டாக்ஸிக்கு எவ்வளவு என்று கேள்வி வந்தது. தலைக்கு இருபத்திரண்டரை என்றாள். வேனுக்கு எவ்வளவு என்று கேள்வி வந்தது. தலைக்கு இருபது என்றாள். கணக்கு டீச்சருக்குக் கூட்டிக் கழிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த இருபது எங்கே போகிறது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

இனி மூன்றாவது கேள்விதான் பாக்கி. எதிர் மேசைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு இவளையே பார்த்தார். தலைக்கணக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டு அவர் பார்த்ததே இல்லை. கேட்காமலே ஃபோனை வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதாங்க, தப்பா நினைக்காதீங்க. உங்கள்ல யாருக்காவது யாரோடவாவது பேச்சு இல்லாம இருக்கா?"

"ரெண்டு பேருக்கு இருந்தது" என்றாள் அக்கா. "ஆனா அந்த ரெண்டு பேரும் இப்ப பேசிக்கிட்டுதானே இருக்காங்க."

அவ்வளவுதான், மரியாதைக் குரலெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. இவள் மேசைமேல் குனிந்துகொண்டு அழுதாள்.

"அக்கா, அன்னிக்கு அத்தை முன்னாடி நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

"மலிவா கேட்டது நான்தானேடி. அழாம வேனைப் போடு, எனக்கு அடுத்த கிளாஸ் இருக்கு."

வேன் வந்த அன்று இவளுக்கு வேறொரு உதறல் இருந்தது. அக்காவோடு சமாதானம் ஆகியாயிற்று, ஆனால் அந்த மாமியாரை விருந்துக்குப் பிறகு இன்னும் முகத்துக்கு நேரே பார்க்கவில்லை. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக ஏறி ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். பத்துப் பெட்டியில் ஒன்பது பின்னால் போயின. நீலப் பெட்டியைப் பின்னால் வைக்க மாமியார் சம்மதிக்கவில்லை, ஒரு தடவை பட்டது போதும் என்றுவிட்டார். வேனில் சீட் ஒன்பது. எட்டுப் பேர் போக மீதியிருந்த ஒரு சீட்டில் பெட்டியை வைத்து, டிரைவர் அதற்கு பெல்ட்டும் போட்டுவிட்டார். அதற்குப் பக்கத்தில் மாமியார். அவருக்கு அடுத்து மிச்சம் இருந்த ஒரே இடம் இவளுக்கு.

வண்டி பெரிய சாலையில் ஏறுகிற வரைக்கும் இவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இந்த வண்டி தலைக்கு எவ்வளவும்மா?" என்றார் மாமியார்.

"இருபது, அத்தை."

"போன தடவை எவ்வளவு?"

முன் சீட்டில் இருந்த அக்காவின் கழுத்து விறைத்ததை இவள் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். தொழில் விஷயத்தில் அவள் பொய் சொன்னதில்லை.

"பதினொண்ணு."

மாமியார் விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு நீலப் பெட்டியின் மேல் கையை வைத்துச் சாய்ந்துகொண்டார்.

"அப்ப ஒரு வருஷத்துல என் மதிப்பு ஒன்பது ஏறியிருக்கு."

வேனில் முதலில் வெடித்துச் சிரித்தது அக்காதான்.