பிலோமினம்மாள் விட்டுக்கொடுக்காத முறை

செய்தி வந்தபோது தோணியின் வடத்தை எங்கள் லாஞ்சின் பின்கட்டையில் மாட்டிக்கொண்டிருந்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லாஞ்சின் சொந்தக்காரி பிலோமினம்மாளின் கொழுந்தன் குருஸ் அண்ணாச்சி தோணித்துறைப் பாலத்து நுனிவரை மூச்சிரைக்க ஓடிவந்து, "மதினி போயிட்டாவ. எஞ்சினை அணைலே சுடல!" என்று கத்தினார். சுக்கான் பிடிக்கும் தண்டல் இன்னாசி தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பாலத்தில் நின்ற அத்தனை பேரும் என் கையையே பார்த்தார்கள். நான் அணைக்கவில்லை. லீவரைக் கூட்டினேன். தோணியை இழுத்துக்கொண்டு கப்பலுக்குப் போய்ச் சேர்ந்து, சரக்கை ஒப்படைத்துவிட்டு, அடக்கத்துக்குத்தான் வந்தேன்.

அன்று கல்லறைத் தோட்டத்தில் என் காது படவே பேசினீர்கள். "உப்பிட்ட வீட்டுக்குத் துரோகம் செஞ்சிட்டான்" என்றார் ஒருவர். "மெக்கானிக்குக்கு நெஞ்சும் இரும்புதான்" என்றார் இன்னொருவர். எண்ணெய்க் கையோடு நின்றதால் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். அந்த அம்மாளை அறிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற உங்களுக்குத்தான் இது.

நம் கரைக்குக் கப்பல் ஒட்டி வராது, ஆழம் பத்தாது. அது தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, தோணியில் சரக்கேற்றி லாஞ்சு இழுத்துக்கொண்டு போகவேண்டும். எந்த லாஞ்சு எப்போது இழுப்பது என்பதற்கு முறை உண்டு. முறை வந்த நேரத்தில் எஞ்சின் ஓடவில்லை என்றால் வரிசையின் வாலுக்குப் போய்விட வேண்டியதுதான். யாருக்காகவும் அது நிற்காது. பிலோமினம்மாளின் கணவர் இறந்தபோது, ஊர் வழக்கப்படி முப்பதாம் நாள் பூசை முடிகிறவரை, பனி மாதா பேர் வைத்த "தஸ்நேவிஸ்" லாஞ்சைக் கட்டிப்போட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்களே வெளியே போய் அந்த முறைகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பூசை முடிந்து லாஞ்சை அவிழ்த்தபோது வரிசையில் அதற்கு இடமே இல்லை. "பொம்பளைக்கு எதுக்கு மதினி இந்தப் பாடு, வித்துப்போடுங்க" என்றார் குருஸ் அண்ணாச்சி. வாங்க ஆளையும் அவரே கூட்டிவந்திருந்தார். "ஆளுக்குக் காப்பி குடுத்து அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு, அம்மாள் குடையை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு வந்துவிட்டார். வெயிலில் நின்று வாதாடி, சண்டை போட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க யாரும் போகப் பயந்த கடலில் லாஞ்சை அனுப்பித்தான் இடத்தைத் திரும்ப வாங்கினார். அன்றிலிருந்து அவர் வாயில் ஒரு வசனம் குடியிருந்தது. "அழுறத ராத்திரி அழுதுக்கிடலாம்லே. முறை ராத்திரிக்கு வராது."

யுத்தத்தின்போது எஞ்சினின் கார்புரேட்டர் வெடித்துப்போனது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற உறுப்பு அது. சீமையிலிருந்து வேறு வராது. ஒட்டுப்போட்டு, கட்டுப்போட்டு ஓட்டினோம். யுத்தம் முடிந்த கையோடு பட்டாளத்துப் பழைய சாமான் ஏலத்தில் மோட்டார் சைக்கிள் கார்புரேட்டர்கள் நான்கு ஒரே அச்சாகக் கிடைத்தன. நாலு சிலிண்டருக்கும் ஆளுக்கொன்றாக மாட்டிவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. இந்தக் கரையில் யாரும் செய்ததில்லை. "நாலு மாமியா உள்ள வீடு உருப்படுமாலே?" என்று பக்கத்து லாஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள். நாலும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடும்படி ஒரே கம்பியில் கோத்துக் கிளப்பினேன். காலையில் தஸ்நேவிஸ் பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்துச் சிரித்தவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

மத்தியானம் அவர்கள் வாய் மறுபடி திறந்தது. உப்புத்தண்ணீர் படாமலிருக்க எஞ்சினை மரப்பெட்டிக்குள் மூடித்தான் வைக்கவேண்டும். வெயில் ஏற ஏறப் பெட்டிக்குள் அடுப்புச் சூடு. நாலு கார்புரேட்டரும் அந்தச் சூட்டுக் காற்றையே இழுத்தன. சூடான காற்றில் சத்து இல்லை. பாரம் ஏற்றிய தோணியை மாட்டினதும் எஞ்சின் இருமும், திணறும், பாதிக் கடலில் படுத்துவிடும். பெட்டியைத் திறந்து வைத்தாலோ அலை தெறித்துப் பிளக்கில் பொறி செத்துப்போகும். "பனி மாதா பேரை வச்சுக்கிட்டு லாஞ்சுக்குக் காய்ச்சலா?" என்று பாலம் முழுக்கக் கேலி. இன்னும் ஒரு முறை நடுவழியில் படுத்தால் வரிசையிலிருந்து எடுத்துவிடுவோம் என்று சொல்லியும் விட்டார்கள். குருஸ் அண்ணாச்சி மறுபடி ஆளைக் கூட்டிவந்தார். இந்தத் தடவை காப்பி கொடுக்கவில்லை.

வெளிக்காற்றைக் குழாய் வைத்து உள்ளே கொண்டுவருவது என்று முடிவாயிற்று. கூரைத் தகரத்தை உருட்டி ஒரு பெரிய குழாய் செய்து, அதிலிருந்து நாலு கிளை பிரித்து நாலு வாய்க்கும் கொடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓட்டினால் முதல் சிலிண்டர் துள்ளுகிறது, கடைசிச் சிலிண்டர் சாகிறது. தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். பெண்ணாள் ஏறினால் கடல் பொறுக்காது என்று முணுமுணுத்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாள் லாஞ்சுக்குள்ளேயே இறங்கி வந்துவிட்டார். குனிந்து நாலு கிளையையும் தடவினார். அவருடைய அப்பா முத்துக்குளித்தவர்.

"எங்கப்பா முங்குதப்ப அவருக்குக் கயிறு பிடிக்க ஒரு ஆளு. அடுத்தவருக்கு அடுத்த ஆளு. ஒரே ஆளு ரெண்டு கயிறையும் பிடிச்சா எவனாவது ஒருத்தன் செத்துத்தான் வருவான். நீ என்னலே பண்ணி வச்சிருக்க?"

"நாலுக்கும் நாலு கிளை இருக்கே அக்கா."

"கிளை இருக்கு. ஆனா வரிசையால்லா நிக்குது? பந்திக்கு முந்துனவன் வழிச்சு நக்கிட்டான், கடைசி இலைக்கு ரசம்கூட வரல. பானையை நடுவில வைலே. அவனவன் தனித்தனியா மோந்துக்கிடட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. எஞ்சின் வேலை என்னுடையது, எனக்கே பாடமா? "அப்ப நீங்களே திருப்புளியைப் பிடிங்க" என்றேன். "பிடிப்பேன். நீ பாலத்துல போயி குடை பிடி" என்றார். இன்னாசி சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றே கிளைகளை வெட்டி எறிந்தேன். நாலு கார்புரேட்டருக்கும் முன்னால் ஒரு அகலமான தகரப் பெட்டி. வெளிக்காற்று முதலில் அதில் வந்து நிறையவேண்டும். அதிலிருந்து ஒரே நீளமுள்ள நாலு குட்டைக் குழாய் வழியாக நாலும் தன் தன் மூச்சை எடுத்துக்கொள்ளும். எஞ்சின் சூடு ஏறாமலிருக்கப் பெட்டியைச் சுற்றித் தேங்காய்நார்க் கயிறும் அதன்மேல் பழைய பாய்த்துணியும் சுற்றினோம்.

யோசனை எல்லாம் அவருடையதே என்று எழுதினால் அவரே எழுந்து வந்து என்னை ஏசுவார். காற்றுக்குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதில் அவர் பிடித்த பிடிவாதம் இருக்கிறதே! இந்தக் கடற்கரையில் வீடு கட்டினாலும் கடலைப் பார்த்து, கடலின் முகத்தில் ஜன்னல் வைப்பார்கள். அதே புத்தியில், "காத்துக்கு முகம் குடுக்கணும்லே, முதுகு குடுக்கக் கூடாது" என்று வாயை லாஞ்சின் முன்முனையான அணியத்தைப் பார்க்க வைத்தார். நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து குழாய் வாயில் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கவும் செய்தார். கப்பலுக்குப் போகும்போது கரைப்பக்கம் மேற்கிலிருந்து வீசிய மேல்காற்று முதுகில் தள்ளியதால் ஒன்றுமில்லை. திரும்பும்போது அதே காற்று எதிரே வந்தது. முதல் பெரிய அலையைத் தஸ்நேவிஸ் வாய் நிறையக் குடித்தது. எஞ்சின் ஒரு விக்கல் விக்கி நின்றது. நல்லவேளை, இழுவை முடிந்து வெறும் லாஞ்சாக வந்ததால் முறை பறிபோகாமல் தப்பியது. துடுப்புப் போட்டுக் கரைசேர்ந்தோம்.

"சாமியார் தெளிச்ச தண்ணி அதுக்குக் காணல போல அக்கா" என்றேன். அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கையிலிருந்த குடையைத் தலைகீழாகப் பிடித்து, வளைந்த பிடியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இந்தா. இப்படி வளை. வாயி கீழ பாக்கட்டும். காத்து ஏறும், தண்ணி ஏறாது. அப்பவும் ஏறுற தண்ணி இறங்க, பெட்டிக்கு அடியில ஒரு துளை போடு." அப்படியே செய்தோம். லாஞ்சின் கூரைமேல் இன்றும் நிற்கிறதே, குடைப்பிடி மாதிரி ஒரு குழாய், அதன் கதை இதுதான்.

அந்த ஆடி மாதம், உச்சி வெயிலில், நிறைபாரத் தோணி. பாலத்தில் பந்தயம் கட்டிக்கொண்டு நின்றார்கள். தஸ்நேவிஸ் ஒரு இருமல் இல்லாமல் கப்பலைத் தொட்டது. அம்மாள் கை தட்டவில்லை. குருஸ் அண்ணாச்சியைப் பார்த்து, "வாங்க வந்த ஆளு எங்க? வித்துப்போட அவருக்கு ஏதும் லாஞ்சு இருந்தா நான் வாங்கிக்கிடுதேன்" என்றார்.

அதன்பின் தினமும் காலையில் எஞ்சின் கிளம்பியதும் கூரைமேல் கையை எட்டி அந்தக் குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். காற்று கையைக் கவ்வி இழுக்கவேண்டும். "இழுக்குதுலே" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் இன்னாசி கட்டை அவிழ்ப்பார்.

இனி அணைக்காததற்கு வருகிறேன். கடைசிக் காய்ச்சலில் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். சுகம் விசாரிக்க விடவில்லை. "நான் சாகுத அன்னைக்கு நம்ம முறையா இருந்தா என்ன செய்வ?" என்று கேட்டார். "என்ன பேச்சு அக்கா இது? அணைச்சிட்டு ஓடிவருவேன்" என்றேன். எழுந்து உட்கார்ந்துவிட்டார். "சவத்த மூதி! அவுக செத்தப்ப அணைச்சாங்க. என் பிழைப்பையும் சேர்த்து அணைச்சாங்க. நீயும் அணைச்சேன்னா சவப்பெட்டிக்குள்ள இருந்தே எந்திரிச்சு வந்து அறைவேன். எம்மேல ஆணை, ஓட்டு." ஓட்டுகிறேன் என்று கையடித்துக் கொடுத்தேன்.

அன்று எங்களுக்கு அடுத்த முறைக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? குருஸ் அண்ணாச்சி "அணைலே" என்று கத்திய அதே நேரம், அவர் தன் எஞ்சினைக் கிளப்பிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர், கையில் எங்கள் தோணிக்கு மாட்ட வடம். அவரைத் துரோகி என்று யாராவது சொன்னீர்களா? நான் கல் இல்லை. கப்பல்வரை அழுதுகொண்டேதான் போனேன், இன்னாசியைக் கேளுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். நாளைக்கே மறுபடி நடந்தாலும் அதையேதான் செய்வேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, முப்பது நாளும் லாஞ்சு கட்டிக்கிடக்கும் என்று நம்பிப் பலர் பாலத்துக்குச் சீக்கிரமே வந்திருந்தார்கள். தருவைகுளத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் ஜெரோமியும் வந்தாள். கறுப்புச் சேலை, அழுது வீங்கிய முகம், கையில் அம்மாவின் குடை. குருஸ் அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

"நம்ம முறை எப்ப அண்ணாச்சி?"

"அடுத்தது நாமதான்மா."

"அப்ப எடுங்க."

எஞ்சினைக் கிளப்பினேன். நாலு தொண்டையும் ஒன்றாகத் திறந்தன. அவளுக்கு அந்தக் குழாயைப் பற்றித் தெரியாது, அதனால் நான்தான் கூரைக்குக் கையை எட்டினேன். உள்ளங்கையைக் கவ்வி இழுத்தது. அம்மாளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த இழுப்பு ஒன்றுதான். அதை விற்கவும் மாட்டேன், கட்டிப்போடவும் மாட்டேன்.

"இழுக்குது அக்கா" என்று பாலம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். இன்னாசி கட்டை அவிழ்த்தார்.